டான்சில் அறுவையும் காப்புறுதியும்: சாங்கியில் மருத்துவச் செலவு கடந்து வந்த பாதை

சிங்கப்பூரின் கிழக்குக் கோடியிலுள்ள சாங்கியில், நோயாளியின் மருத்துவச் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்குக் கடந்த தொண்ணூறு ஆண்டுகளில் மூன்று வெவ்வேறு விடைகள் நடைமுறையில் இருந்திருக்கின்றன. பிரிட்டிஷ் படைத்தளத்தின் மருத்துவமனையில் படையே அதை ஏற்றது. பின்னர் அதே கட்டடங்களில் இயங்கிய அரசு மருத்துவமனையில் அரசும் நோயாளியும் பகிர்ந்துகொண்டனர். இன்று சீமெயில் நிற்கும் சாங்கி பொது மருத்துவமனையில் அரசு மானியம், கட்டாயச் சேமிப்பு, பொதுக் காப்புறுதி, தனியார் காப்புறுதி ஆகியவை அடுக்கடுக்காக அதைச் சுமக்கின்றன. இந்த மாற்றத்தின் உட்பொருளைப் புற்றுநோய், இதயநோய் போன்ற பெரும் நோய்களைவிட டான்சில் அகற்றும் அறுவை தெளிவாகக் காட்டுகிறது. உயிருக்கு உடனடி ஆபத்தை நீக்கும் அறுவையாக அது இருப்பது அரிது. பெரும்பாலும் நாள் குறித்து, பள்ளி விடுமுறை பார்த்துச் செய்யப்படுவது. அதைச் செய்ய வேண்டுமா என்பதிலேயே மருத்துவர்கள் ஒரு நூற்றாண்டாக வேறுபட்டு வந்திருக்கின்றனர். காப்புறுதி நிறுவனங்கள் இச்சிறு அறுவையின் மீது காட்டிவரும் பெரும் எச்சரிக்கைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

டான்சில் என்பது தொண்டையின் இரு பக்கங்களிலும், உள்நாக்குக்கு இடமும் வலமுமாக அமைந்த நிணநீர்த் திசு ஆகும். வாய் வழியே நுழையும் கிருமிகளை முதலில் எதிர்கொள்ளும் அத்திசு, குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருந்து, வளர வளரச் சுருங்குவது இயல்பு. மூக்கின் பின்புறத்தில் இதே வகையைச் சேர்ந்த அடினாய்டு என்ற சதை இருப்பதால், குழந்தைகளுக்குப் பல சமயம் இரண்டையும் ஒருசேர அகற்றுகின்றனர். இச்சிகிச்சையின் தொன்மை வியப்பூட்டுவது. சுசுருத சம்ஹிதை துண்டிகேரி என்ற தொண்டை வீக்கத்தைக் குறிப்பிட்டு அறுவையை அதற்குரிய சிகிச்சைகளில் ஒன்றாக வைக்கிறது. முதல் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் செல்சஸ், விரலால் டான்சிலைப் பெயர்த்தெடுக்கும் முறையை விவரித்திருக்கிறார். 1828இல் பிலடெல்பியாவின் அறுவை மருத்துவர் பிலிப் சிங் பிசிக் அதற்கெனத் தனிக் கருவி ஒன்றை வடிவமைத்த பின்னர் அறுவை விரைவானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மயக்க மருந்தும் முழுமையாகப் பிரித்தெடுக்கும் நுட்பமும் கூடியபோது அது மேற்கு நாடுகளில் குழந்தைப் பருவத்தின் வழக்கமான நிகழ்வாகவே ஆகிவிட்டது. உடலின் ஒரு மூலையில் பதுங்கிய தொற்றே மூட்டுவலி முதல் இதயநோய் வரை பலவற்றுக்கும் காரணம் என்ற அக்காலக் கொள்கை, நலமாக இருந்த குழந்தைகளின் டான்சிலையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கியது.

எவ்வளவு தூரம் அது வழக்கமாகியிருந்தது என்பதை 1934இல் அமெரிக்கக் குழந்தைகள் நலச் சங்கம் வெளியிட்ட ஓர் ஆய்வு அம்பலப்படுத்தியது. நியூயார்க் நகரப் பள்ளிகளில் பயின்ற பதினொரு வயதுக் குழந்தைகள் 1,000 பேரில் 611 பேருக்கு ஏற்கனவே டான்சில் அகற்றப்பட்டிருந்தது. எஞ்சிய 389 பேரை மருத்துவர்கள் பரிசோதித்து 174 பேருக்கு அறுவை வேண்டும் என்றனர். அறுவை வேண்டாம் என்று விடப்பட்ட 215 பேரை வேறு மருத்துவர்களிடம் அனுப்பியபோது அவர்களுள் 99 பேருக்கு அறுவை பரிந்துரைக்கப்பட்டது. இருமுறை தப்பிய 116 பேரை மூன்றாவது குழுவிடம் அனுப்பியபோது மேலும் 51 பேர் அறுவைப் பட்டியலில் சேர்ந்தனர். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழப் பாதிப் பேர் என்ற விகிதம் மாறவில்லை. குழந்தையின் தொண்டையில் இருந்ததைவிட, பார்த்த மருத்துவரின் பழக்கமே முடிவைத் தீர்மானித்தது. 1938இல் மருத்துவர் ஆலிசன் குளோவர் இங்கிலாந்தின் பள்ளிக் குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட கட்டுரை இதை வட்டாரந்தோறும் நிறுவியது. லண்டனை ஒட்டிய ஹார்ன்சியில் 1928இல் 186 ஆக இருந்த அறுவைகளின் எண்ணிக்கை, புதிய பள்ளி மருத்துவ அதிகாரி பொறுப்பேற்றதும் 1929இல் 12 ஆகச் சரிந்தது. அந்த ஓராண்டில் அவ்வூர்க் குழந்தைகளின் தொண்டை மாறிவிடவில்லை என்பது வெளிப்படை.

அமெரிக்காவில் குழு மருத்துவக் காப்புறுதி பிறந்ததும் ஏறத்தாழ இதே ஆண்டுகளில்தான். 1929இல் டெக்சஸ் மாநிலத்தின் டாலஸ் நகரில் பேய்லர் மருத்துவமனை, மாதம் 50 காசு செலுத்தும் பள்ளி ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 21 நாள் மருத்துவமனைப் படுக்கையை உறுதியளித்தது. எதிர்பாராத இழப்பைப் பலரிடையே பகிர்வதே காப்புறுதியின் அடிப்படை. பல மாதங்களுக்கு முன்பே மருத்துவர் சொல்லிவைத்து, குடும்பம் நாள் பார்த்துக் காத்திருக்கும் அறுவையை எதிர்பாராத இழப்பு என்று எந்தக் கணக்காளரும் ஏற்கமாட்டார். சந்தா கட்டிய கையோடு பிள்ளையை அறுவைக்கு அழைத்துவரும் பெற்றோரால் நிதி வற்றிவிடும் என்ற அச்சத்தில், தொடக்ககாலத் திட்டங்கள் பலவும் மகப்பேற்றுக்கு விதித்தது போலவே டான்சிலுக்கும் காத்திருப்புக் காலம் விதித்தன. காத்திருப்புக் காலம் என்பது காப்புறுதி தொடங்கியும் குறிப்பிட்ட சிகிச்சைக்கு மட்டும் பணம் கிடைக்காத இடைவெளி.

அந்த ஏற்பாடு இன்றும் தமிழர் வாழும் நாடுகளில் அப்படியே தொடர்கிறது. ஜொகூர் பாலத்துக்கு அப்பால், மலேசியாவின் தனிநபர் மருத்துவக் காப்புறுதி ஒப்பந்தங்கள் ‘குறிப்பிட்ட நோய்கள்’ என்று ஒரு பட்டியல் வைத்து, அவற்றுக்கு முதல் 120 நாள்களில் பணம் தருவதில்லை. காது, மூக்கு, தொண்டை சார்ந்த அனைத்துக் கோளாறுகளும் அதில் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் பக்கத்தில் இடம்பெறுகின்றன. இந்தியாவில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020 ஏப்ரலில் எல்லா நிறுவனங்களும் ஒரே வடிவில் விற்க வேண்டும் என்று கொண்டுவந்த ஆரோக்கிய சஞ்சீவனி ஒப்பந்தத்தில், டான்சில் அகற்றலும் அடினாய்டு அகற்றலும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டு 24 மாதக் காத்திருப்புக்குள் வைக்கப்பட்டுள்ளன. கண்புரை, குடலிறக்கம், மூலம் ஆகியவையும் அதே பட்டியலில் உள்ளன என்பதிலிருந்து அதன் நோக்கம் விளங்கும்: அவை அனைத்தும் தள்ளிப்போடக்கூடிய சிகிச்சைகள்.

சாங்கிக் கரைக்கு இந்தக் கணக்குகள் வெகு தாமதமாகவே வந்து சேர்ந்தன. செம்பவாங் கடற்படைத் தளத்தைக் காக்கும் பொருட்டு 1927 முதல் சாங்கியில் காடு திருத்திப் பாசறைகள் எழுப்பிய பிரிட்டிஷார், 1935இல் ஹால்டன் சாலையை ஒட்டிய குன்றின் மேல் மருத்துவமனை அமைத்தனர். போருக்குப் பின் அது விமானப்படையின் மருத்துவமனையாகி, படைவீரர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் சிகிச்சை அளித்தது. அங்கே காப்புறுதி என்ற பேச்சுக்கே இடமில்லை. மருத்துவர் சொன்னால் அறுவை, செலவு படையின் கணக்கில். அத்தளத்தைச் சுற்றி உழைத்த தென்னிந்தியத் தொழிலாளர்களும் அங்கே வாழ்ந்தனர். 1946இல் ராம் நாயுடுவின் முயற்சியால் சாங்கி கிராமத்தில் எழுந்த ஸ்ரீ ராமர் ஆலயம் அவர்களுடைய இருப்புக்குச் சான்றாக இன்றும் நிற்கிறது. அத்தொழிலாளர்களைப் போன்ற குடிமக்களுக்கு அரசு மருந்தகங்களும் பொது மருத்துவமனைகளுமே கதி. 1960இல் வெளிநோயாளி ஒருவருக்கு 50 காசு என்று கட்டணம் விதிக்கப்படும் வரை அரசு மருந்தகத்தில் கையை விட்டுப் பணம் கொடுக்கும் வழக்கமே இல்லை. தொகை சிறிதெனினும், சிகிச்சைக்கு நோயாளியும் ஒரு பங்கு தர வேண்டும் என்ற பிற்காலக் கொள்கையின் முதல் விதை அதுவே.

1971இல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறியதும் மருத்துவமனை ஆஸ்திரேலிய, நியூசிலாந்து, பிரிட்டிஷ் கூட்டுப் படையிடமும், பின்னர் சிங்கப்பூர் ஆயுதப் படையிடமும் சென்று, 1976இல் பொதுமக்களுக்குரிய சாங்கி மருத்துவமனையானது. நாடு முழுவதும் மருத்துவச் செலவு பெருகிய ஆண்டுகள் அவை. வரிப்பணத்தில் எல்லாவற்றையும் இலவசமாக்கிய பிரிட்டிஷ் முறையையும், தனியார் காப்புறுதியிடம் எல்லாவற்றையும் விட்ட அமெரிக்க முறையையும் ஏற்க விரும்பாத சிங்கப்பூர் அரசு, 1983இல் வகுத்த தேசிய சுகாதாரத் திட்டத்தின்படி 1984 ஏப்ரலில் மெடிசேவ் கணக்கைத் தொடங்கியது. 1955 முதல் ஓய்வுக்காலத்துக்கெனச் சம்பளத்தில் பிடிக்கப்பட்டுவந்த மத்திய சேமநிதியில் சம்பளத்தின் 6 விழுக்காட்டை மருத்துவத்துக்கென ஒதுக்குவதே அது. காப்புறுதியைப் போன்று பலருடைய பணத்தை இது கலப்பதில்லை. அவரவர் சேமிப்பு அவரவருக்கும் அவரவர் குடும்பத்துக்கும். டான்சில் அறுவைக்கு மெடிசேவ் மிகப் பொருத்தமாக அமைந்ததற்குக் காரணம், திட்டமிட்ட சிறு செலவைச் சந்திக்கச் சேமிப்பே இயல்பான வழி என்பதும், சேமிப்பில் காத்திருப்புக் காலமோ, முன்னோய் எனப்படும் முன்பே இருந்த நோய் பற்றிய விசாரணையோ இல்லை என்பதும் ஆகும். ஒருவர் தம் சேமிப்பை விரைந்து கரைத்துவிடாதபடி, அரசு எல்லா அறுவைகளையும் 1ஏ முதல் 7சி வரை தரப்படுத்திய அட்டவணை ஒன்றை வைத்து, தரத்துக்கேற்ப எடுக்கக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு விதித்தது. பின்னாளில் காப்புறுதி நிறுவனங்களும் எந்தச் சிகிச்சை அறுவையாகும் என்பதை முடிவுசெய்ய இதே அட்டவணையைப் பின்பற்றலாயின.

பெரும் செலவுக்குச் சேமிப்பு போதாது என்பதால் 1990இல் மெடிஷீல்ட் என்ற பொதுக் காப்புறுதி வந்தது. நோயாளி முதலில் ஒரு குறிப்பிட்ட தொகையைத் தாமே ஏற்க வேண்டும், அதற்கு மேலும் ஒரு விழுக்காட்டைப் பகிர வேண்டும் என்ற இரட்டைத் தடுப்புடன் வந்த அத்திட்டம், சேர்வதற்கு முன்பே இருந்த நோய்களை விலக்கியது. சாங்கியின் முகவரி மாறியதும் இக்காலத்தில்தான்: 1997 பிப்ரவரியில் பழைய சாங்கி மருத்துவமனையும் தோ பாயோ மருத்துவமனையும் இணைந்து, சீமெயில் கிழக்கு வட்டாரத்துக்கென்றே கட்டப்பட்ட சாங்கி பொது மருத்துவமனையாயின. குன்றின் மேலிருந்த பழைய கட்டடங்களைப் பேய்க்கதைகளுக்கு மட்டும் நினைவுகூரும் இன்றைய வழக்கம் வருந்தத்தக்கது. ஒரு நாட்டின் மருத்துவச் செலவு முறை படிப்படியாக மாறிய அறுபது ஆண்டுகளை அச்சுவர்கள் கண்டிருக்கின்றன.

முன்னோய் பற்றிய விசாரணைக்கு அடிப்படையான சட்டக் கோட்பாடு, எதிர்பாராத விதத்தில், இவ்வட்டாரத்திலிருந்தே பிறந்தது. சுமத்ராவின் பெங்கூலனில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குரிய மார்ல்பரோ கோட்டையின் ஆளுநராக இருந்த கார்ட்டர், கோட்டை அந்நியர் கையில் வீழ்ந்தால் இழப்பீடு பெறும்படி லண்டனில் காப்புறுதி எடுத்தார். 1760இல் பிரெஞ்சுப் படை அதைக் கைப்பற்றியது. கோட்டையின் பலவீனத்தை ஆளுநர் மறைத்தார் என்று காப்புறுதி அளித்தவர் பணம் தர மறுத்த வழக்கில், 1766இல் நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு, காப்புறுதி கோருபவர் தமக்கு மட்டும் தெரிந்த முக்கியச் செய்திகளை மறைக்காமல் வெளியிட வேண்டும் என்ற விதியை நிறுவினார். ஆனால் வழக்கில் வென்றவர் கார்ட்டர்தான். ஊரறிந்த செய்திகளைக் கேளாமலே ஒப்பந்தம் செய்தவர் பின்னர் அறியாமையைக் காரணம் காட்ட முடியாது என்பதும் அத்தீர்ப்பின் பகுதி. விதியின் முதற்பாதியை நிறுவனங்கள் அடிக்கடி நினைவூட்டும்போது, இரண்டாம் பாதியை மக்கள் அறிந்திருப்பதும் நியாயமே. பிரிட்டன் தனிமனிதர் எடுக்கும் காப்புறுதிக்கு இவ்விதியை 2012இல் சட்டம் இயற்றித் தளர்த்தி, கேட்ட கேள்விக்குப் பொறுப்புடன் விடையளித்தால் போதும் என்றாக்கியது. சிங்கப்பூரின் காப்புறுதிச் சட்டமோ, விண்ணப்பதாரர் அறிந்ததையும் அறிந்திருக்க வேண்டியதையும் முழுமையாகத் தெரிவிக்க வேண்டும் என்ற எச்சரிக்கையை விண்ணப்பத்திலேயே அச்சிடச் செய்கிறது.

2005இல் மெடிஷீல்டின் மேல் தனியார் நிறுவனங்கள் கூடுதல் காப்புறுதியைக் கட்டும் ஒருங்கிணைந்த ஷீல்டு திட்டங்கள் முறைப்படுத்தப்பட்டன. 2015 நவம்பர் 1 அன்று அடித்தளம் மெடிஷீல்ட் லைஃப் ஆக மாறி, குடிமக்கள், நிரந்தரவாசிகள் அனைவரையும் வாழ்நாள் முழுதும், முன்னோய்களுடன் சேர்த்தே ஏற்றது. கடும் முன்னோய் உள்ளவர்கள் மட்டும் பத்தாண்டுகளுக்கு 30 விழுக்காடு கூடுதல் சந்தா செலுத்த வேண்டும் என்று விதிக்கப்பட்டது. புற்றுநோய், பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு போன்றவற்றுக்குரிய அந்த விதி டான்சில் அகற்றியவரைத் தொடுவதில்லை. அடித்தளத்தைப் பொறுத்தவரை டான்சில் இருப்பதும் இல்லாததும் ஒன்றே. ஆயினும் 80 வயது வரையுள்ளோர் முதலில் தாமே ஏற்க வேண்டிய தொகை, வார்டின் தரத்தைப் பொறுத்துத் தொடக்கத்தில் 1,500 அல்லது 2,000 வெள்ளியாக இருந்ததால், அதற்குள் அடங்கும் மானியக் கட்டணத்துக்கு அத்திட்டத்திலிருந்து பணம் வராது. அங்கே மெடிசேவே மீண்டும் கைகொடுக்கிறது.

மேல்தளத்தின் நிலை வேறு. தனியார் வார்டையும் தனியார் மருத்துவமனையையும் நாடுவோருக்குரிய அப்பகுதியில், நிறுவனம் விண்ணப்பதாரரின் மருத்துவ வரலாற்றை ஆராய்ந்து ஏற்கலாம், சந்தாவை உயர்த்தலாம், குறிப்பிட்ட உறுப்பையோ நோயையோ விலக்கலாம், முற்றிலும் மறுக்கவும் செய்யலாம். இங்கே டான்சில் அறுவை எப்போது நடந்தது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சிறு வயதில் அகற்றி, தொல்லையின்றி ஆண்டுகள் கடந்தவரிடம் இனி அகற்றுவதற்கு எதுவும் இல்லை; வீங்கி வீங்கி வடியும் டான்சிலோடு வருபவரைவிட அவர் நிறுவனத்துக்குப் பாரம் குறைந்தவர். எனினும் விண்ணப்பம் கடந்த அறுவைகளைக் கேட்டால் அவர் அதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். பயனற்றதாகத் தோன்றும் அந்த ஒரு வரியை விட்டுவிட்டு, பிற்காலத்தில் வேறொரு கோரிக்கையின்போது பழைய மருத்துவக் குறிப்பு வெளிப்பட்டால், அறுவையைவிட மௌனமே பெரிய குற்றச்சாட்டாகிவிடும். அறுவைக்கு மருத்துவர் பரிந்துரைத்து, நாள் குறிக்கப்படாத நிலையில் காப்புறுதி எடுப்பவருக்குத் தொண்டை விலக்கப்படுவதை எதிர்பார்க்கலாம். காப்புறுதி எடுத்து, காத்திருப்புக் காலம் கடந்தபின் முதன்முதலாக நோய் தோன்றியவருக்கு அறுவைச் செலவு சாதாரணமாகக் கிடைக்கும். ஆனால் அவர் பின்னர் வேறு நிறுவனத்துக்கு மாற விரும்பினால் விசாரணை மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

அறுவையின் காரணமும் இன்று பெரிதும் கவனிக்கப்படுகிறது. பென்சிலின் பரவிய பின்னர்த் தொற்றுக்காக டான்சில் அகற்றுவது குறைந்தது. ஓராண்டில் ஏழு முறை, அல்லது தொடர்ந்து இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு ஐந்து முறை, அல்லது மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்கு மூன்று முறை தொண்டைத் தொற்று வந்தால் மட்டும் அறுவையை எண்ணலாம் என்ற அளவுகோல் அமெரிக்க மருத்துவர் பாரடைஸ் 1984இல் வெளியிட்ட ஆய்விலிருந்து பரவியது. அதற்கு மாறாக, பெருத்த டான்சில் மூச்சுவழியை அடைப்பதால் உறக்கத்தில் மூச்சு நின்று நின்று தொடரும் நிலை குழந்தைகளிடையே முதன்மைக் காரணமாக வளர்ந்திருக்கிறது. நிறுவனத்தின் பார்வையில் இவ்விரு காரணங்களுக்காக அறுவை செய்துகொண்டோர் வெவ்வேறு மனிதர்கள்: தொற்றுக்காக அகற்றியவரின் கதை முடிந்துவிட்டது, உறக்க மூச்சுத்தடைக்காக அகற்றிய பெரியவரிடம் உடற்பருமன், இரத்த அழுத்தம், இதயம் என்று அடுத்தடுத்த கேள்விகள் எழுகின்றன. ஆகவே மருத்துவரின் கடிதத்தில் அறுவையின் காரணம் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று நோயாளி கேட்டுப் பெறுவது அவருடைய உரிமை மட்டுமன்றித் தேவையும் ஆகும். ஷீல்டு திட்டங்களோடு சேர்த்து விற்கப்பட்டு, நோயாளி ஏற்க வேண்டிய பங்கு உட்பட முழுக் கட்டணத்தையும் ஏற்ற துணைத் திட்டங்கள் தேவையற்ற சிகிச்சையைத் தூண்டுகின்றன என்று கருதிய சுகாதார அமைச்சு, புதிதாக விற்கப்படும் துணைத் திட்டங்களில் நோயாளி குறைந்தது 5 விழுக்காட்டை ஏற்க வேண்டும் என்று 2018இல் அறிவித்தது. நியூயார்க் பள்ளிக் குழந்தைகளின் கணக்கை அறிந்தவர்கள் அந்தக் கவலையைப் புறந்தள்ள முடியாது. அதே வேளையில் உண்மையிலேயே மூச்சுத் திணறும் குழந்தையின் பெற்றோரும் அந்தப் பங்கைச் செலுத்தியாக வேண்டியிருக்கிறது.

இந்த அடுக்குகள் எவற்றிலும் சேராதோர் சாங்கியின் விமான நிலையக் கட்டுமானங்களிலும் தீவின் பிற பணியிடங்களிலும் உழைக்கும் வேலை அனுமதித் தொழிலாளர்கள். அவர்களுள் தமிழகத்திலிருந்து வந்தோர் பலர். மெடிசேவும் மெடிஷீல்ட் லைஃபும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியவை என்பதால், இவர்களுடைய சிகிச்சைச் செலவைச் சட்டப்படி முதலாளி ஏற்க வேண்டும். அதற்கென முதலாளி எடுக்க வேண்டிய காப்புறுதி 2010 முதல் ஆண்டுக்குக் குறைந்தது 15,000 வெள்ளியாக இருந்து, 2023 ஜூலையில் 60,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. நெடுங்காலம் ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றிய விலக்குகளை ஒப்பந்தத்தில் எழுதிவந்ததால், ஊரிலேயே தொடங்கிய தொண்டைநோய் என்று சொல்லி ஒரு தொழிலாளியின் கோரிக்கையை மறுக்க இடமிருந்தது. அவ்வாறு மறுக்கப்பட்டாலும் முதலாளியின் பொறுப்பு நீங்குவதில்லை. காப்புறுதி அவருடைய சுமையைக் குறைக்கும் ஏற்பாடு மட்டுமே, தொழிலாளியின் உரிமைக்கு அது எல்லையன்று. 2025 ஜூலை முதல் அனுமதிக்கப்படும் விலக்குகள் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வரையறுக்கப்பட்டு, ஏற்கப்பட்ட கோரிக்கைக்குரிய பணத்தை நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகச் செலுத்த வேண்டும் என்றும் விதிக்கப்பட்டிருக்கிறது.